பாலைவனத்துத் திருவிழாவும் நம் பிள்ளைகளும்

கார்த்திகை பிறந்து வெயிலின் உக்கிரம் தணிந்தவுடன், அபுதாபியிலும் துபாயிலும் ஷார்ஜாவிலும் குடித்தனம் நடத்தும் தமிழ்க் குடும்பங்களில், வார விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற கேள்வி எழுவதும், வணிக வளாகம், கடற்கரை, மீண்டும் வணிக வளாகம் என்று அதற்கு விடை காணப்படுவதும் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கத்துக்கு ஒரு மாறுதலாக, குளிர்காலத்தில் ஒரு மாலைப் பொழுதையேனும் அல் வத்பாவில் நடைபெறும் ஷேக் சாயித் திருவிழாவில் கழிக்க வேண்டும் என்பதும், இப்போது பெரும்பாலோர் கழிக்கிற விதத்தில் அதைக் கழிக்கக் கூடாது என்பதும் என் அபிப்பிராயம்.

அல் வத்பா, அபுதாபி நகரத்திலிருந்து காரில் ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பிரயாணத்தில் உள்ள பாலை நிலம். ஒட்டகப் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் முதல் அதிபராக விளங்கிய ஷேக் சாயித் பின் சுல்தான் அல் நஹ்யானின் பெயரால் அங்கே ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கிக் குளிர்காலம் முழுவதும் நீடிக்கும் இவ்விழா, பெயரளவில் பாரம்பரிய விழாவாயினும், பரப்பளவில் ஒரு தற்காலிக நகரம் என்றே சொல்லத்தக்கது. மாலையில் திறக்கும் வாயில்கள் நள்ளிரவு வரை மூடுவதில்லை. வர்ண விளக்குகளில் எழுந்தாடும் நீரூற்று, இராட்டினங்கள், பல தேசங்களின் கடைவீதிகள், ஒலிபெருக்கிகள், வாரந்தோறும் வாணவேடிக்கை என்று அங்கே எல்லாம் உண்டு. ஆங்கிலப் புத்தாண்டு இரவுகளில் உலக சாதனைப் பதிவுக்காகவே வெடிக்கப்படும் வாணங்கள், 2024-ஆம் ஆண்டை வரவேற்ற இரவில், ஒரு மணி நேர அளவுக்கு நீண்டன.

பிள்ளைகளின் கண்ணையும் காதையும் முதலில் பற்றிக்கொள்வது இவையே என்பதில் வியப்பில்லை. பெரியவர்களுக்கும் அப்படியே இருப்பதுதான் வியப்பு. இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்து, வாகன நிறுத்தத்திலிருந்து நெடுந்தூரம் நடந்து, உணவுக்கடை வரிசையில் அரை மணி நேரம் நின்று, நீரூற்றின் முன்னே படம் எடுத்துக்கொண்டு, வாணம் முடிந்ததும் தூங்கி வழியும் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு திரும்பும் குடும்பங்கள் ஏராளம். மரபுக் கிராமம் என்ற ஒரு பகுதியைக் கடந்துதான் போனோம் என்பது, வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்கும்போதே அவர்களில் பலருக்குத் தெரியவருகிறது.

அந்த மரபுக் கிராமத்தில் இருப்பதுதான் என்ன? ஈச்ச ஓலையால் முடைந்த குடிசைகள், ஆட்டு உரோமத்தால் நெய்த கறுப்புக் கூடாரம், மரக்கலம், கிணறு, மீன்கூண்டு, தரையில் அமர்ந்து நெய்யும் முதிய பெண்கள், தோல் உறையணிந்த கையில் இராஜாளியை ஏந்தி நிற்கும் மனிதர். வெளிச்சக் குறைவான அந்த மூலையில் இவ்வளவே. ஆனால் சற்று நின்று பார்ப்பவருக்கு ஓர் உண்மை விளங்காமற் போகாது: அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கும் ஒவ்வொரு பொருளும் தரித்திரத்தின் புத்திசாலித்தனத்திலிருந்து பிறந்தது. மழையற்ற நிலத்தில் ஈச்ச மரம் ஒன்றே வீடாகவும் பாயாகவும் கூடையாகவும் கயிறாகவும் உணவாகவும் ஆக வேண்டியிருந்தது; ஆட்டிலிருந்தும் ஒட்டகத்திலிருந்தும் கிடைத்த உரோமமே சுவராகவும் கூரையாகவும் விரிப்பாகவும் ஆக வேண்டியிருந்தது. அபுதாபியிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் தாஸ் தீவை விட்டுப் புறப்பட்டது 1962-இல். எமிரேட்ஸ் என்னும் கூட்டாட்சி பிறந்தது 1971 டிசம்பர் 2-ஆம் நாள். ஆகவே, இன்று அந்த மூலையில் ஓலை முடையும் கிழவி, அத்தகைய ஓலை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவளாக இருக்கக்கூடும். உலகத்தின் மற்றப் பாரம்பரியக் காட்சிகளில் முந்நூறு ஆண்டுக்கு முந்தைய வாழ்க்கையை வேடம் புனைந்து நடித்துக் காட்டுகிறார்கள். இங்கே ஒரு தலைமுறைக்கு முந்தைய வாழ்க்கையை அதை வாழ்ந்தவர்களே உட்கார்ந்து செய்து காட்டுகிறார்கள். இந்தச் சந்தர்ப்பம் இன்னும் அதிக காலம் நீடிக்கப் போவதில்லை.

முத்துக்குளிப்பின் கதையையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய்க்கு முன் வளைகுடாவின் கரையைப் பெருமளவில் ஊட்டி வளர்த்தது அதுவே. ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெயில் மிகக் கொடிதாகவும் நீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும் மாதங்களில், மரக்கலத் தலைவரான நகுதாவின் கீழ் ஆண்கள் கடலுக்குப் போய்விடுவார்கள். மூக்கில் எலும்பாலோ ஆமையோட்டாலோ செய்த கவ்வி, விரல்களில் தோலுறை, கழுத்தில் வலைக்கூடை, காலில் கட்டிய கல் என்னும் இவற்றை மட்டும் துணையாகக் கொண்டு மூச்சடக்கி இறங்கும் குளியாளியின் உயிர், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவனுடைய கவனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. விடியலில் சில பேரீச்சம்பழமும் காவா என்னும் அரபுக் காபியும். வயிறு நிறைந்தால் மூழ்க முடியாதாகையால், சோறும் மீனும் பொழுது சாய்ந்த பிறகே. களைப்பு ஏறாமலிருக்கப் பாடுவதற்கென்றே கலத்தில் ஒரு பாடகன் இருந்தான். நம் மன்னார்க் கரையிலோ, சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரனாகிய கடற்கட்டி இல்லாமல் குளிக்க இறங்க மாட்டோம் என்று மறுத்தவர்கள் இருந்தார்கள். பாட்டோ மந்திரமோ, இரண்டும் ஒரே அச்சத்துக்கு மனிதன் கண்ட இருவேறு மருந்துகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரும் முத்துக்குளிப்புக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபுக் குளியாளிகள் வந்து, தமிழ்க் குளியாளிகளோடு அதே முத்துப் படுகைகளில் மூழ்கியிருக்கிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அந்த வலைக்கூடை நம் பிள்ளைகளுக்கு அந்நியப் பொருளன்று.

இதில் பிள்ளைகளுக்கு, ஓரளவு வளர்ந்த பிள்ளைகளுக்கேனும், விளக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. பருவம் தொடங்குமுன் குடும்பச் செலவுக்காகக் குளியாளி நகுதாவிடம் வாங்கிய முன்பணம், பருவம் முடிந்து கணக்குப் பார்க்கையில் பெரும்பாலும் தீராமல் நின்றது. தீராத கடன் அடுத்த ஆண்டும் அவனையே அதே கலத்தில் ஏற்றியது. சில வேளைகளில் குளியாளி இறந்த பின் அவனுடைய மகன் தலையில் வந்து விழுந்தது. பிறகு 1929-இன் உலகப் பொருளாதார மந்தமும், ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் வழி வந்த வளர்ப்பு முத்தும் சேர்ந்து, பம்பாய்ச் சந்தையை நம்பியிருந்த இத்தொழிலைச் சில ஆண்டுகளுக்குள் சாய்த்தன; கரையோர ஊர்களில் பட்டினி வந்தது. நம்மவரிலும், வேலை வாங்கித்தரும் முகவருக்குக் கொடுப்பதற்காக வட்டிக்குக் கடன் வாங்கி, அக்கடனைத் தீர்க்கவே முதல் இரண்டாண்டு பாலையில் உழைத்த சித்தப்பாவோ மாமாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் வளைகுடாவில் அரிது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, முத்துக்கலத்தின் முன்னே நின்று இந்தக் கடன் கதையைக் கேட்குமானால், எதிரில் வெள்ளை உடையில் நடந்து செல்லும் அந்நாட்டுச் சிறுவனைப் பற்றி அது கொண்டிருக்கும் எண்ணம் ஒரே நாளில் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய முன்னோரும் தன் குடும்பத்துப் பெரியவரும் ஒரே விதமான கணக்கேட்டுக்குப் பயந்தவர்கள் என்பதையாவது அது அறிந்துகொள்ளும்.

நெய்யும் பெண்களிடம் சற்று நேரம் செலவிடுவது நல்லது. ஆட்டு உரோமத்தையும் செம்மறி உரோமத்தையும் ஒட்டக உரோமத்தையும் கையால் நூற்று, சாயமிட்டு, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் கறுப்பும் வெள்ளையும் பழுப்பும் சிவப்புமாகக் கோலங்களை இழைக்கும் சது என்னும் இந்நெசவை, யுனெஸ்கோ 2011-இல் தன் பட்டியலில் சேர்த்தபோது, அவசரப் பாதுகாப்புத் தேவைப்படும் கலைகளின் வரிசையில் சேர்த்தது. செய்யத் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்களாக இருந்ததும், இளம்பெண்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் போய்விட்டதும் அதற்குக் காரணம். படிப்புக்குப் போனது குற்றமாகாது. ஆனால் இதைச் சொல்லும்போது ஒரு சங்கடம் எழுகிறது: தங்கள் பெண்களை எஞ்சினியர்களாகவும் வைத்தியர்களாகவும் ஆக்கிவிட்டு, தறியில் யாரும் உட்காரவில்லையே என்று வருந்துவதை எந்தச் சமூகமும் முழு மனத்தோடு செய்ய முடியாது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடுகளிலும் இதே சங்கடம்தான். திருவிழாவில் குழந்தைகள் தக்ளியைத் தொட்டுப் பார்க்க அந்த மூதாட்டிகள் பொதுவாகத் தடை சொல்வதில்லை; நூல் அறுந்தால் சிரித்துக்கொண்டே முடிந்து கொடுக்கிறார்கள். அரபு மொழி தெரியாதே என்று தயங்கி நிற்பவர்கள் பெற்றோர்களே. பிள்ளைகளுக்கு அந்தத் தயக்கமே இல்லை.

காவா கொடுக்கும் இடத்தில் நின்று குடித்துவிட்டுப் போவதற்குப் பதிலாக, உட்கார்ந்து வாங்கிக் குடிக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். வலக்கையால் வாங்குவது, கோப்பையின் அடியில் மட்டும் ஊற்றுவது, போதும் என்றால் கோப்பையை இலேசாக ஆட்டிக் காட்டுவது என்ற சிறு மரியாதைகளைப் பிள்ளைகள் ஒரு விளையாட்டைப் போல் உற்சாகத்தோடு கற்றுக்கொள்கிறார்கள். அரபுக் காவாவின் கசப்பு அவர்களுக்குப் பிடிக்காது. பாகில் தோய்த்த லுகைமாத் உருண்டைகள் அந்தக் குறையை நிவர்த்தி செய்துவிடும்.

இனி ஒட்டகத்துக்கு வருகிறேன். இங்கே திருவிழா நடத்துபவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஒட்டகப் பந்தயத்தை 2020-இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. பந்தயத்துக்குப் பெயர் பெற்ற அல் வத்பாவில் அதைப் பெருமையோடு நினைவுகூர்வது நியாயமே. ஆனால் இன்று ஒட்டகத்தின் முதுகில் ஓர் இயந்திரப் பொம்மை அமர்ந்து சாட்டை வீசுவதும், அதை இயக்குபவர்கள் பக்கத்துப் பாதையில் காரில் ஓடிவருவதும் ஏன் என்று ஒரு குழந்தை கேட்டால், அதற்கு விடையளிக்கும் பலகை எதையும் நான் அங்கே காணவில்லை. விடை இதுதான்: எடை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, பாகிஸ்தான், பங்களாதேசம், சூடான், மௌரிடானியா முதலிய ஏழை நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகள் அந்த முதுகுகளில் கட்டி ஏற்றப்பட்டார்கள், விழுந்தார்கள், ஊனமுற்றார்கள். 2005-இல் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்றக் கூடாதென்று எமிரேட்ஸ் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு யுனிசெப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை அவரவர் நாட்டுக்குத் திருப்பியனுப்பும் பணி தொடங்கியது. இயந்திரம் அவர்களுடைய இடத்துக்கு வந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? பரம்பரை வழக்கம் என்ற ஒன்றிலிருந்து அதன் கொடுமையை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடப் பிரத்தியட்சமான உதாரணம் வேறு எந்தப் பாரம்பரிய விழாவிலும் கிடைக்காது. ஜல்லிக்கட்டைப் பற்றி ஆண்டுக்காண்டு வாதம் புரியும் நமக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும்.

இராஜாளி வளர்ப்பிலும் இத்தகைய மாற்றம் உண்டென்றாலும் அதன் வரலாறு இத்தனை துயரமானதன்று. வேட்டை என்பது பாலையில் புலாலுணவுக்கு வழியாக இருந்தது. இன்று அது மரியாதைக்குரிய பொழுதுபோக்கு. இந்நாட்டில் இராஜாளிகளுக்குத் தனியாகக் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது என்று சொன்னால் எந்தக் குழந்தையும் நம்பாது. கள்ளக்கடத்தலைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது என்று விளக்கிய பிறகும் சிரிப்பை அடக்காது.

'நாம் பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு நம் பாரம்பரியத்தைச் சொல்லிக் கொடுக்கவே நேரமில்லை, அவர்களுடையது நமக்கு எதற்கு?' என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமற்றதன்று. பொங்கலுக்குச் சங்கத்து மண்டபத்தில் கோலப்போட்டி வைத்து, ஒரு விடுமுறை நாளில் ஓராண்டுத் தமிழை ஊட்டிவிட முயலும் பெற்றோரின் பிரயாசை எனக்குத் தெரியும். ஆயினும், அபுதாபி மருத்துவமனையில் பிறந்து, அங்கேயே பள்ளி முடித்து, பதினெட்டாம் வயதில் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ கல்லூரிக்கு வரும் ஒரு பிள்ளையிடம், நீ வளர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். வணிக வளாகங்களின் பெயர்களும், உயர்ந்த கட்டடத்தின் மாடிக் கணக்கும் வரும். அதற்கு மேல் வருவது குறைவு. அந்த நாடு அப்பிள்ளைக்குக் குடியுரிமை கொடுப்பதில்லை என்பது உண்மை. அந்நாட்டு மக்கள்தொகையில் அந்நாட்டுப் பிரஜைகளே பத்தில் ஒரு பங்கு அளவினர்தாம் என்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கும் அயலார் முகமாக இருக்கும் ஊரில் தன் பாட்டி முடைந்த ஓலையை நாலு பேர் பார்க்கும்படி விரித்து வைக்கும் ஆசை எவ்வளவு ஆழமானதாக இருக்க வேண்டும் என்பதை, அயல்நாட்டில் தமிழ்ப் பள்ளி நடத்துகிற நாமல்லவோ எளிதில் புரிந்துகொள்ள வேண்டும்! புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, தான் வளர்ந்த மண்ணைப் பற்றிச் சொல்ல ஏதேனும் இருக்கும். கடவுச்சீட்டு கொடுக்காத ஓர் உரிமையை அறிமுகம் கொடுக்கிறது.

போகிற விதத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். வாயில் திறக்கும் மாலை நான்கு மணியளவிலேயே, அதுவும் விடுமுறையல்லாத நாளில், போய்விடுவது உத்தமம். அப்போதுதான் கைத்தொழில் செய்பவர்களிடம் களைப்பில்லை, கூட்டமும் இல்லை. இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு அவற்றில் நெடுநேரம் இருப்பது, இருபது இடங்களை எட்டிப் பார்ப்பதைவிட மேலானது. பகலில் வியர்த்தாலும் இரவில் பாலைக் காற்று எலும்பை நடுக்குமாகையால் கம்பளிச் சட்டை அவசியம். மிகச் சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு நான் அல் வத்பாவைவிட ஷார்ஜாவையே சிபாரிசு செய்வேன்: 2003 முதல் நடந்துவரும் ஷார்ஜா பாரம்பரிய நாட்கள் என்னும் விழா, பவளக்கல்லால் கட்டிய பழைய வீடுகளுக்கிடையே, சந்துகளிலும் முற்றங்களிலும் நடைபெறுவது; குழந்தையின் கால் எட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கும். இரண்டு வரிசை ஆடவர் எதிரெதிரே நின்று மூங்கிற் கோல்களை அசைத்து ஆடும் அய்யாலா ஆட்டத்தை, மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்கும் முற்றத்தில் பத்தடி தூரத்தில் நின்று பார்ப்பதற்கும் மலையளவு வித்தியாசம் உண்டு.

விழா நடத்துவோருக்கு மற்றுமொரு விண்ணப்பம். பல தேசத்து அரங்குகளில் இந்தியாவின் பகுதிக்குள் நுழைந்தால், சால்வை, வளையல், ஊறுகாய், மரப்பொம்மை என்று வாங்குவதற்கு நிறைய இருக்கிறது. தெரிந்துகொள்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. இந்திய ரிசர்வ் வங்கி 1959-இல் இக்கரைக்கென்றே அச்சிட்டு அனுப்பிய வளைகுடா ரூபாய் 1966 வரை இங்கே புழங்கியது. அந்த நோட்டு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், எங்கள் காசு இங்கே ஓடியதா என்று நம் பிள்ளைகளும், உங்கள் காசிலா எங்கள் தாத்தா அரிசி வாங்கினார் என்று அந்நாட்டுப் பிள்ளைகளும் ஒரே பெட்டியின் முன்னே நின்று கேட்பார்கள். அதன் பக்கத்தில், சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் வந்த நம்மவர்கள், தொலைபேசிக் கட்டணத்துக்கு அஞ்சி, ஊரிலுள்ள மனைவிக்கும் தாய்க்கும் தங்கள் குரலைப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்களையும், விமான அஞ்சல் உறைகளையும், ஊருக்குப் போகும் நாளில் கயிறு கட்டிப் பெயரெழுதிய அட்டைப்பெட்டிகளையும் வைக்கலாம். இவையெல்லாம் இன்னும் பல வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. கேட்டு வாங்குவோர் இல்லாமற் போனால் இன்னும் சில ஆண்டுகளில் பழைய சாமான் வியாபாரி கொண்டுபோய்விடுவான். அரங்கை அமைக்கும் பொறுப்பிலுள்ளவர்கள் அபுதாபியிலும் துபாயிலும் உள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் மலையாளச் சங்கங்களுக்கும் வரும் கோடைக்குள் ஒரு கடிதம் எழுதினால், அடுத்த நவம்பருக்குள் ஓர் அறை நிறையப் பொருள்கள் வந்து சேரும்.